லூயிஸ் பாரெங் அம்மையாரும் அவர்தம் இசைப்பணியும்

வரலாறு என்பது முடிமன்னர் பெற்ற வெற்றிகளையும் அவர் இயற்றிய சட்டங்களையும் மட்டும் உரைப்பதன்று. ஒரு சமுதாயம் எவரைப் போற்றிற்று, எவரை மறந்தது, ஏன் மறந்தது என்பவற்றை ஆராய்ந்துரைப்பதும் வரலாற்றின் கடனேயாம். மேனாட்டு இசைவரலாற்றிலே 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியை நோக்குவோர் பெத்தோவன், மெண்டல்சோன், சூமன், பெர்லியோஸ் முதலியோர் பெயர்களையே காண்பர். அதே காலத்திற் பாரிஸ் மாநகரிலே மூன்று சிம்பொனிகளை இயற்றியும், 30 ஆண்டுகள் இசைக்கல்லூரியிற் கற்பித்தும், பழைய இசையேடுகளைத் தேடிப் பதிப்பித்தும் வாழ்ந்த லூயிஸ் பாரெங் என்னும் பெண்மணியின் பெயர் நெடுங்காலம் அவ்வரலாற்று நூல்களில் இடம்பெற்றிலது. தம் காலத்தே பாராட்டப்பெற்ற ஒருவர் பின்னர் மறக்கப்பட்டமை எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அம்மையார் 1804ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பாரிசிலே பிறந்தார். தந்தையார் டியூமோன் என்பவர், சிற்பி. தமையனார் ஓகுஸ்ட் டியூமோனும் சிற்பியே. பாரிசில் பஸ்தீல் சதுக்கத்து நெடுந்தூணின் உச்சியிலே பொன்மயமாய்த் திகழும் சுதந்திர தேவனின் உருவம் அவர் கைவண்ணமாகும். இத்தகைய கலைக்குடியிற் பிறந்தமையால், பெண்மகவு கலை பயிலுதல் தகாது என்னும் தடை அவருக்கு வீட்டிலே இருந்திலது. தடை வெளியிலேதான் இருந்தது.

இளமையிலேயே பியானோவில் வல்லவரான அவர், 15ஆம் வயதளவில் அந்தோன் ரைக்கா என்பாரிடம் இசையியற்றும் முறையைக் கற்கத் தொடங்கினார். ரைக்கா பெத்தோவனின் நண்பர். பாரிஸ் இசைக்கல்லூரியின் பேராசிரியர். பெர்லியோஸ், லிஸ்ட் என்போருக்கும் ஆசானாக விளங்கியவர். ஆயின், அக்கல்லூரியில் இசையியற்றும் வகுப்பு அந்நாளிற் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. ஆதலின் அவர் ரைக்காவிடம் தனியாகவே பாடங்கேட்டார். 1821இல் அரிஸ்டீட் பாரெங் என்னும் புல்லாங்குழல் வித்துவானை மணந்தார். கணவர் இசைப்பதிப்புத் தொழிலை மேற்கொண்டு, மனைவியாரின் ஆக்கங்களையும் அச்சேற்றினார். மனைவியின் புலமையைத் தன் பெருமைக்குக் குறைவென்று கருதாத பெருந்தகை அவர் எனலாம்.

தொடக்கத்தில் அம்மையார் பியானோவுக்குரிய சிறு ஆக்கங்களையே வெளியிட்டார். அவர் இயற்றிய ருஷ்ய மெட்டு ஒன்றன் விரிவாக்கத்தைச் சூமன் 1836இல் தம் சஞ்சிகையிலே பாராட்டி எழுதினார். எல்லாச் சுருதிகளிலும் அமைந்த அவருடைய 30 பயிற்சிப் பாடங்கள் 1845இற் பாரிஸ் இசைக்கல்லூரியின் பாடத்திட்டத்தில் ஏற்கப்பட்டன. பல்லியத்துக்கென அவர் எழுதிய முகப்பிசையைக் கேட்ட பெர்லியோஸ் பாராட்டியபோது, இத்திறன் பெண்களிடையே அரிது என்னும் கருத்தையும் சேர்த்தே கூறினார். புகழுரையிலும் ஓர் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டமையை இங்கு நோக்குக.

பிரான்சிலே அந்நாளிற் புகழும் பொருளும் தேடுவோர் இசைநாடகமே எழுதினர். அம்மையாரோ இசைநாடகம் ஒன்றும் இயற்றாது, சிம்பொனி, அறையிசை என்னும் துறைகளையே பற்றி நின்றார். 1841 முதல் 1847 வரையிலான காலத்தில் மூன்று சிம்பொனிகள் தோன்றின. முதலாவது 1845இற் பிரசெல்ஸ் நகரில் அரங்கேறிற்று. மூன்றாவதை 1849இற் பாரிஸ் இசைக்கல்லூரிக் கச்சேரிச் சங்கம் இசைத்தது. பெத்தோவனின் சிம்பொனிகளைப் பிரான்சிற் பரப்பிய அச்சங்கத்தின் மேடையிலே ஒரு பெண்மணியின் சிம்பொனி ஒலித்தமை எளிதிற் கிட்டும் பேறன்று.

இனி, ஆசிரியத் தொழில் புரிவோர் ஊன்றிக் கவனித்தற்குரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1842இல் அம்மையார் அவ்விசைக்கல்லூரியிற் பியானோப் பேராசிரியையாக நியமனம் பெற்றார். பெண் மாணவியரின் வகுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை ஒன்றாயினும் வேதனம் ஒன்றாயிருக்கவில்லை. ஆடவராகிய பேராசிரியரிலும் குறைந்த சம்பளமே அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய மாணவியர் பரிசுகள் பல பெற்றனர். மகள் விக்டோரீன் 1844இற் பியானோவில் முதற்பரிசு பெற்றாள். எனினும் சம்பளம் ஏறிற்றில்லை.

1850ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஒன்பது வாத்தியங்களுக்கென அவர் இயற்றிய நவவாத்திய இசை அரங்கேறிப் பெருவெற்றி பெற்றது. பிற்காலத்தே உலகப்புகழ் எய்திய யோவாக்கிம், அப்போது 18 வயது இளைஞர், அவ்வரங்கில் வயலின் வாசித்தார். அவ்வெற்றியின் பின் அதே ஆண்டில் அம்மையார் கல்லூரி இயக்குநர் ஓபேருக்கு விண்ணப்பம் எழுதினார். தமக்கும் ஏனையோருக்கு ஒப்பான சம்பளம் தருதல் வேண்டும் என்றும், குறைந்த சம்பளம் பெற்றுவரின் தாம் கடமையிலே ஊக்கமும் உழைப்பும் குறைந்தவர் எனப் பிறர் எண்ண இடமாகும் என்றும் அதிற் குறிப்பிட்டார். பொருளாசை அன்று, தொழிலின் மானமே அவ்விண்ணப்பத்தின் உயிர்நாடி. சமசம்பளம் அவருக்குக் கிடைத்தது. இரங்கிக் கேளாமல், நியாயங்காட்டிக் கேட்டமையே அதன் சிறப்பாகும்.

1859இல் விக்டோரீன் நெடுநாள் நோயுற்று, 32 வயதிலேயே இறந்தாள். அதன்பின் அம்மையார் புதிய ஆக்கங்களிற் பெரிதும் ஈடுபட்டிலர். ஆயினும் துயரிலே மூழ்கிச் செயலற்றிருந்தாருமல்லர். கணவரும் அவருமாய், 'பியானோக்காரரின் கருவூலம்' எனப் பொருள்படும் பெருந்தொகுதியை 1861 முதல் வெளியிடலாயினர். கூப்பரின், ராமோ, ஸ்கார்லாத்தி முதலியோரின் பழைய ஆக்கங்கள் அதிலே திருத்தமாகப் பதிப்பிக்கப்பட்டன. 1865இற் கணவர் காலமானார். தனித்து நின்று, 1874 வரை தொகுதிகளை வெளியிட்டு அம்மையார் அப்பணியை நிறைவேற்றினார். பழைய அணிகளையும் கமகங்களை ஒத்த நுட்பங்களையும் எவ்வாறு இசைத்தல் வேண்டுமென ஆராய்ந்து, தம் மாணவியரைக் கொண்டு அரங்கிலும் இசைப்பித்தார். பிரெஞ்சுக் கலைக்கழகம் 1861இலும் 1869இலும் அறையிசைக்கான ஷார்த்தியே பரிசை அவருக்கு அளித்தது. 1875 செப்டெம்பர் 15ஆம் நாள் அவர் பாரிசிற் காலமானார்.

இத்துணைப் பெருமையுடையார் மறக்கப்பட்டமைக்குக் காரணங்கள் சில உள. சிம்பொனியை ஒலிக்கச் செய்தற்குப் பல்லியமும் பணமும் வேண்டும், கேட்போரோ ஆக்கியோன் பெயரை வைத்தே ஆக்கத்தை மதிப்பிடுவர், பதிப்பாளரும் செவிசாய்ப்பதில்லை. அக்காலத்து இசைவரலாற்றறிஞர் பெத்தீஸே அம்மையாரைப் பற்றி எழுதுமிடத்து இக்குறைகளை எடுத்துக்காட்டினார். அவருடைய சிம்பொனிகள் அவர் வாழ்நாளில் அச்சேறாது கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன. அச்சில் இல்லாத இசை இசைக்கப்படாது, இசைக்கப்படாதது மறக்கப்படும்.

எனினும் ஏடுகள் அழியாது நூலகத்திலே பேணப்பட்டன. 1980இல் பிரீட்லண்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவர் வரலாற்றை விரிவான நூலாக எழுதினார். அதன்பின் ஜேர்மனியில் அவர் ஆக்கங்களின் ஆய்வுப்பதிப்பு வெளிவந்தது. இசைக்குழுக்கள் அவற்றை ஒலிப்பதிவு செய்தன. இன்று மூன்றாம் சிம்பொனி பல நாடுகளின் அரங்குகளில் ஒலிக்கின்றது.

பிறர் மறந்த பழையோரின் இசையேடுகளைத் தேடிக் காத்தவர் பாரெங் அம்மையார். அவ்வாறே அவருடைய ஏடுகளையும் பிற்காலத்தார் ஒருவர் தேடி எடுக்கவேண்டியதாயிற்று. ஆக்கியோர் செய்யும் பணிக்கு ஒப்பானதே பேணிக்காப்போர் பணியும் என்பதை மாணவர் உணர்வாராக. ஒப்பான உழைப்புக்கு ஒப்பான மதிப்புக் கேட்டல் பேராசையன்று, கடமையே என்பதை ஆசிரியர் உணர்வாராக.