தாளிப்புப் புகை

குறுந்தொகையின் 167ஆம் பாடலை நான் வகுப்பில் நடத்தாத ஆண்டு இல்லை. கூடலூர் கிழார் பாடியது, முல்லைத் திணை. மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைத் தன் விரல்களாலேயே பிசைந்தாள் உன் மகள். அந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமல் உடுத்திக்கொண்டே வேலை பார்த்தாள். தாளிப்புப் புகை கண்ணை நிறைத்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, நன்றாயிருக்கிறது என்று கணவன் உண்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

விரலுக்குக் காந்தள், கண்ணுக்குக் குவளை என்று உவமைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இல்லற மாட்சி என்று முடித்துவிடுவது வழக்கம். நானும் அப்படிப் படித்தவள்தான், அப்படியே நடத்தியவளும்தான். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அப்புறம் அவ சாப்பிட்டாளா மேடம்?” வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. செவிலி அதைச் சொல்லவில்லை. நான் படித்த உரைகளும் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நூல்களுக்குத் திரும்பினால், இதுவரை கண்ணில் படாதவை படுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் இரண்டு அடுக்களைகள் உண்டு. நல்லியக்கோடன் வீட்டில் பாணனுக்குப் படைக்கப்படும் விருந்து, பீமன் இயற்றிய சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கப்பட்டது என்கிறார் புலவர். அதாவது தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டும் பழைய சமையல் நூலின் ஆசிரியர் ஓர் ஆண், அதிலும் ஒரு வீரன். அதே பாட்டில், கூரை இற்றுக் காளான் பூத்த குடிசைக்குள் ஒருத்தி இருக்கிறாள். நகத்தால் கிள்ளி வந்த வேளைக் கீரையை உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிட்டால் வெட்கம் என்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உண்கிறாள். அவள் சமையலுக்கு நூல் கிடையாது. இன்றும் உயர்ந்த சமையலை நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். பெண்ணின் சமையலுக்கு நாம் வைத்திருக்கும் சொல் கைப்பக்குவம். கைக்குப் புகழ் உண்டு. கைக்கு உரியவளுக்குப் பெயர் கிடையாது.

சிலப்பதிகாரத்திலும் ஓர் அடுப்பு எரிகிறது. மாதரி கொடுத்த காய்களைக் கண்ணகி அரிகிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலைக் கொளுத்தித் தருகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கோவலன் உண்டுவிட்டுச் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. கண்ணகியின் சிவந்த கண் என்றால் நமக்கு அரசவைதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அடுப்படியில் ஒருமுறை சிவந்திருக்கிறது.

குவளைக் கண்ணில் புகை ஏறியதைப் பாடிய மரபு நம்முடையது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தப் புகை இன்னும் அடங்கவில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விறகும் சாணமும் கரியும் மண்ணெண்ணெயும் எரியும் வீடுகளில், அடுப்புக்கு மிக அருகில் மிக அதிக நேரம் நிற்பவர்கள் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

கண்ணகி சமைத்த கறியில் மிளகாய் இருந்திருக்க முடியாது. இன்று குழம்பின் நிறமும் காரமும் மிளகாய்தான் என்றாலும், அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, போர்ச்சுகீசியர் கப்பல்கள் வழியாகத்தான் அது இந்தக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகு. சங்கத் தமிழில் அதன் பெயர் கறி. யவனர்கள் பொன்னைக் கொடுத்துவிட்டு ஏற்றிச் சென்றதாக அகநானூறு சொல்வது இந்தக் கறியைத்தான். வந்த புதுக் காய்க்கு மிளகின் பெயரையே நீட்டி மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்க்காத வீடுகள் உண்டு. அங்கே மிளகுதான். முன்னோர்களுக்கு மிளகாய் பழக்கமில்லை என்பது அடுப்படிக்கு ஞாபகம் இருக்கிறது.

எந்த அரசனும் ஆணையிட்டு மிளகாயை நம் உலையில் ஏற்றவில்லை. மிளகு மலையில் விளைவது, காசு கொடுத்து வாங்கவேண்டியது. மிளகாயோ கொல்லையிலும் வரும், மானாவாரிக் காட்டிலும் வரும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத வீட்டில், நான்கு மிளகாயும் ஒரு புளிக்கரைசலும் பெரிய பானைச் சோற்றை உள்ளே தள்ளிவிடும். எத்தனை மிளகாய், வறுப்பதா பச்சையாக அரைப்பதா, புளிக்கு எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் முந்நூறு நானூறு ஆண்டுகளாகச் சோதித்து முடிவு கட்டியவர்கள் பெண்கள் என்று நான் நினைக்கிறேன். ஆய்வேட்டில் இப்படி எழுதினால் சான்று கேட்பார்கள். கல்வெட்டு எதுவும் இல்லை. அம்மிக்கல்தான் இருக்கிறது.

அந்த அம்மியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாணத்தில் மணப்பெண்ணின் காலைத் தூக்கி அதன் மேல்தான் வைக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் அதன் முன்னால் குந்தி உட்கார வேண்டும். காய்ந்த மிளகாய் சீக்கிரம் மசியாது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, குழவியை இரு கையாலும் இழுத்து இழுத்து, மல்லி, சீரகம், தேங்காய் என்று ஒன்றன்பின் ஒன்றாக அரைத்து வழிக்க வேண்டும். தோள் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளங்கை எரிச்சல் இரவு வரை போகாது. மிளகாய் அரைத்த அன்று கைக்குழந்தையின் முகத்தைத் துடைக்க முடியாமல் என் பாட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாளாம். மோரில் கையை முக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாளாம். அரைத்துவைத்த குழம்பின் ருசியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லா ஆண்களும் பேசியிருக்கிறார்கள். மோர்ச் சட்டியைப் பற்றிச் சொன்னவள் அம்மா ஒருத்திதான்.

வேலை குறையும் ஒவ்வொரு முறையும் ருசி போய்விட்டது என்று ஒரு குரல் எழும். 1950களில் கோயம்புத்தூரில் கிரைண்டர் வந்தபிறகு மாவு முன்போல் இல்லை என்றார்கள். 1960களில் மும்பையில் மாதுரி மாத்தூரின் வெளிநாட்டு மிக்ஸி நம் அரைப்பைத் தாங்காமல் பழுதாகிவிட, பொறியாளரான அவர் கணவர் நம் சமையலுக்கேற்ற மோட்டாரோடு புதிதாக ஒன்றை உருவாக்கினார், அதுதான் சுமீத். மிக்ஸிக் குழம்பில் மணம் இல்லை என்றார்கள். மில்லில் திரித்த குழம்புப் பொடிக்கும், பிறகு வந்த பாக்கெட் பொடிக்கும் அதே பேச்சு. ருசியில் வித்தியாசம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மிக் குழம்புக்காக ஏங்குகிறவர் அம்மிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியபோது ‘இலவசம்’ என்று கேலி செய்தவர்கள் பலர் வீட்டில் இருபது, முப்பது ஆண்டுகளாக மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அரைப்பதும் ஒரு வேலை, அதைக் குறைக்கப் பொதுப்பணத்தைச் செலவழிக்கலாம் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். ஓட்டுக்காகத்தான் என்றாலும்.

எழுத்துக்கு வருவோம். 1878இல் சென்னையில், ‘வைவர்ன்’ என்ற பெயரில் கென்னி ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ‘கல்னரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ எழுதினார். நம் கறி அதில் ஆங்கிலேயர் மேசைக்கு ஏற்ற ‘கர்ரி’ ஆகிறது. தமிழ்ப் பெண்ணொருத்தி தன் குழம்பைத் தானே எழுதிப் பரவலாகப் படிக்கப்பட்டதற்கு 1951 வரை, மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு பெரிய குடும்பத்தைத் தாங்கியவர் அவர். உறவுக்காரப் பெண்கள் கடிதத்தில் செய்முறை கேட்கக் கேட்க எழுதியனுப்பிக்கொண்டிருந்தவர், பிறகு அதையே புத்தகமாக்கினார். ஆழாக்குக் கணக்கில் அளவு சொல்லி, கைப்பக்குவம் என்ற மாயத்தை உடைத்தவர். அந்த வகையில் எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டு.

ஆனால் அது ஒரு பிராமண வீட்டு அடுக்களை. வத்தக்குழம்பும் மோர்க்குழம்பும் அச்சேறின. மீன் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் வெளியே நின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு வாடகை வீட்டில், “கருவாடு மட்டும் வைக்கக்கூடாதும்மா” என்று வீட்டுக்காரர் அன்பாகத்தான் சொன்னார். கீழே விழுந்துவிடாமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அம்மா அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நல்லியக்கோடனைப் பாடிய பாட்டில் கதவடைத்துச் சமைத்த பெண்ணை அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

மீனாட்சி அம்மாளை நினைக்கும்போது இன்னொரு கைம்பெண்ணும் நினைவுக்கு வருகிறாள்: பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. புறநானூறு 246ஆம் பாடலில், தீப்பாயத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்களின் உணவை அவள் விவரிக்கிறாள். நெய் கிடையாது. கையால் பிழிந்தெடுத்த சோறு. வெள்ளை எள்ளை அரைத்த விழுதோடு புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரை. இதைத் தின்று பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுப்பதைவிட ஈமத் தீ மேல் என்கிறாள். சங்க இலக்கியத்தில் ஒரு பெண்ணின் குரலில் பொருள்களோடு சொல்லப்பட்ட சமையல் குறிப்பு எது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். அது தண்டனைச் சோறு.

சென்ற ஆண்டு அதைச் செய்து பார்த்தேன். வேலியோரம் வளர்ந்திருந்த நல்வேளைக் கீரையைப் பறித்து, எள்ளை நனைத்து மிக்ஸியில் அரைத்து, புளியைக் கரைத்து ஊற்றினேன். கீரையின் லேசான கசப்பு புளியில் அடங்கியது; எள் குழம்பைக் கெட்டியாக்கியது. உப்பு மட்டும் நானாகப் போட்டேன். தாளிக்கவில்லை. வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாணவிகள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். நல்லாத்தான் இருக்கு மேடம் என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. கொஞ்ச நேரம் கழித்து, “நெய் ஊத்திக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள்.