கார்மென் மிராண்டாவின் தலைப்பாகை

போர்ச்சுகலில் 1909ஆம் ஆண்டு பிறந்து, கைக்குழந்தையாகவே பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்ட கார்மென் மிராண்டா, ரியோ டி ஜெனீரோவில் தொப்பிக் கடை ஒன்றில் வேலை பார்த்தவர்; 1930இல் வெளிவந்த 'தாயீ' என்னும் இசைத்தட்டு அவரை நாடறிந்த பாடகியாக்கியது. ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் தாளங்களிலிருந்து உருவான சம்பா இசையை, வானொலி பரவத் தொடங்கிய அப்பத்தாண்டில், வீடுதோறும் கொண்டுசேர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

உலகம் அவரை அடையாளம் கண்டதோ உடையால்தான். பாயியா மாநிலத் தெருக்களில், காராமணியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் 'அகராஜே' என்ற பலகாரத்தை விற்ற கறுப்பினப் பெண்கள், அதாவது 'பையானா'க்கள், அணிந்த தலைப்பாகை, அகன்ற பாவாடை, அடுக்கடுக்கான மணிமாலைகள் ஆகியவற்றை, டோரிவல் காயிமி இயற்றிய பாடலொன்றுக்காக 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவர் பளபளப்பாக்கி அணிந்தார். தலைச்சுமைக் கூடை தலைப்பாகையின்மேல் சிறு பழக்கூடையாயிற்று. உழைக்கும் பெண்களின் கோலம் ஒரு வெள்ளையினப் பாடகிக்குப் புகழ் தந்தது என்பதை எந்த வரலாறும் மறைக்கலாகாது.

அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குச் சென்று வென்ற அவர், 1940இல் ரியோவுக்குத் திரும்பியபோது உர்க்கா சூதாட்ட மாளிகை அரங்கிலிருந்த மேட்டுக்குடியினர் கைதட்ட மறுத்தனர். 'அமெரிக்கக்காரியாகித் திரும்பிவிட்டாள்' என்ற ஏச்சுக்கு அவர் ஒரு சம்பாப் பாடலாலேயே மறுமொழி கூறினார், அத்துணிவு போற்றத்தக்கது. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவில் மறைந்த அவரது உடல் ரியோவுக்கு வந்தபோது, இறுதி ஊர்வலத்தில் மக்கள் பெருந்திரளாய்த் திரண்டனர்.