அடுக்களைச் சகோதரர்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் நிக்கோலா எர்மான். பிரான்சின் லொரேன் பகுதி ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. முப்பதாண்டுப் போரில் காயம்பட்டுக் கால் ஊனமானவர். பிறகு ஏவலாள் வேலை. கைபட்டதையெல்லாம் உடைப்பவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, இந்தக் கோணங்கித்தனத்துக்கு அங்கே தோலை உரிப்பார்கள் என்றே எதிர்பார்த்தார். கிடைத்ததோ மனநிறைவு. கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிக்கொண்டாராம்!

குருப்பட்டம் இல்லாத துறவி அவர். பெயர் லாரன்ஸ் சகோதரர். கொடுத்த வேலை சமையல், இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காதது. மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் படகில் போனால், கால் வராமல் பீப்பாய்கள்மேல் உருண்டுதான் நகர்வார். ஆனால் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழந்தாளிட்டு ஜெபிக்கும்போதும் அவருக்கு ஒரே அமைதிதான். நம்மில் பலர் இதை எளிதில் வந்த ஆனந்தமாகவே சொல்கிறோம். முதல் பத்தாண்டுகள் தான் தகுதியற்றவன் என்ற வேதனையில் தவித்ததை அவர் மறைக்கவில்லை. எனக்கு அதுவே முக்கியம்.

பின்னாளில் செருப்புத் தைத்தார். 1666இலிருந்து பொஃபோர் என்ற பாதிரியார் அவரைச் சந்தித்து உரையாடல்களைக் குறித்துவைத்தார். 1691இல் லாரன்ஸ் இறந்த பிறகே அவை அச்சேறின.