கம்பியை விட்டுப் பிரிந்த பொத்தான்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக மாற்ற நினைப்பவர்கள், சுவரில் இருந்த சுவிச்சுகளைக் கழற்றிவிட்டு ஒரு தொடுபலகை பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். விறாந்தை விளக்கு, குளியலறைக் கீசர், தோட்டத்து விளக்கு எல்லாமே ஒரு கண்ணாடிக்குள் அடங்கிவிடும். தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் அந்தக் கண்ணாடி எதற்காகப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் அதைச் சரியாக அமைக்க முடியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இந்த மலை யாருக்கும் பின்தங்கியதல்ல. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா தண்ணீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை எழுதி வாதாடினார். இழுபறிக்குப் பிறகு 1950இல்தான் லக்சபான நிலையம் இயங்கியது. மலையில் பிறந்த கரண்ட் கொழும்புக்குப் போன பிறகும் கம்பிக்குக் கீழே இருந்த லயத்துக் காம்பராக்களில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. யாருக்காக ஒரு பொருளைச் செய்கிறோம் என்ற கேள்வியை இந்த மலையில் இருந்துகொண்டு தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. தொடுபலகையைப் பற்றியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

அது வீட்டில் பிறக்கவில்லை. வேலை செய்து களைத்த மனிதர்களின் முன்னால் பிறந்தது. இங்கிலாந்தின் மால்வேர்னில், அரச ராடார் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஈ. ஏ. ஜோன்சன் 1965இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஆகாயத்தில் பறக்கும் விமானங்களைக் கவனிக்கும் ஊழியர், திரையில் கண்ணும் தட்டெழுத்துப் பலகையில் கையுமாகத் திண்டாட வேண்டாம், திரையையே தொட்டால் போதும் என்றார் அவர். திரையின் முகத்தில் பதித்த மெல்லிய கம்பியில் விரல் பட்டதும் மின் அளவில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கருவி கண்டுகொள்ளும்.

அந்த யோசனை முழு வடிவம் பெற்றது ஜெனீவாவுக்கு அருகில், செர்ன் ஆய்வகத்தில். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எஸ்பிஎஸ் என்ற பெரிய துகள் முடுக்கியை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். காந்தங்கள், வெற்றிடப் பம்புகள், அளவிகள் என்று ஆயிரக்கணக்கான உறுப்புகள். பழைய வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிச்சும் ஒரு குமிழும் அவற்றிலிருந்து ஒரு கம்பியும் வைத்திருந்தால் கட்டுப்பாட்டு அறையின் சுவரே போதாது. அறைக்குப் பொறுப்பான ஃபிராங்க் பெக், டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியலாளர் பென்ட் ஸ்டம்பேயிடம் வழி கேட்டார். 1972 மார்ச் 11ஆம் திகதியிட்ட, கையால் எழுதிய குறிப்பில் ஸ்டம்பே பதில் சொன்னார். கண்ணாடித் தகட்டில் செம்புப் படலம் பூசி, அதில் 80 மைக்ரோமீட்டர் அகலக் கோடுகளை 80 மைக்ரோமீட்டர் இடைவெளியில் செதுக்கினால் அவை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரல் கிட்ட வந்தால் மின்தேக்குத் திறன் கூடும். பெக்கும் ஸ்டம்பேயும் 1973இல் அறிக்கை வெளியிட்டார்கள். 1976இல் முடுக்கி ஓடத் தொடங்கியபோது அந்தக் கண்ணாடிகளும் வேலைக்கு வந்திருந்தன.

கண்ணாடியில் இருந்தவை 16 பொத்தான்கள் மட்டுமே. அவற்றின் பெயர்களைப் பின்னாலிருந்த திரையில் கணினி எழுதியது. ஒன்றைத் தொட்டால் 16 பெயர்களும் மாறி அடுத்த பக்கம் வரும். பொத்தானுக்கும் கம்பிக்கும் அதுவரை இருந்த முடிச்சு அன்று அவிழ்ந்தது. எந்தப் பொத்தான் எதைச் செய்யும், அதன் பெயர் என்ன என்பதை இனி ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். தொடுபலகையை அமைப்பது என்றால் இதுதான்.

வீட்டுக்குள் அதே பிரிவு வேறு வழியாக வந்தது. ஸ்காட்லாந்தின் கிளென்றோதஸில் இருந்த பைகோ எலெக்ட்ரானிக்ஸ் 1975இல் உருவாக்கிய எக்ஸ்-10 முறை, வீட்டு மின்கம்பியிலேயே செய்தி அனுப்பியது. 16 வீட்டுக் குறிகள், ஒவ்வொன்றிலும் 16 கருவிக் குறிகள், மொத்தம் 256 முகவரிகள். பிற்காலத்துக் கேஎன்எக்ஸ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு முறையில் பலகையிலுள்ள பொத்தானுக்கு 1/1/5 என்று ஒரு குழு முகவரி கொடுக்கிறோம். விறாந்தை விளக்கை இயக்கும் கருவிக்கும் அதே முகவரி. இரண்டுக்கும் நடுவே தனிக் கம்பி கிடையாது, முகவரி ஒன்றாக இருப்பதுதான் உறவு.

இங்கேதான் கவனம் வேண்டும். விளக்கின் நிலையைப் பலகைக்குத் திருப்பிச் சொல்ல இன்னொரு முகவரி கொடுக்காவிட்டால், வேறு சுவிச்சில் போட்ட விளக்கு பலகையில் அணைந்ததாகவே தெரியும். கரண்ட் போய்த் திரும்பும்போது எது எரிய வேண்டும், எது அணைந்தே இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். எல்லாக் கீசர்களும் ஒரே நொடியில் பிடித்தால் பழைய பங்களாவின் மின்னிணைப்பு தாங்காமல் போகலாம். பலகை வேலை செய்யாத நேரத்துக்காகச் சில சாதாரணச் சுவிச்சுகளை எப்போதும் சுவரில் விட்டுவைப்பதே நல்லது.

ஈரக்கையும் கையுறையும் இன்னொரு காரியம். விரலின் மின்தேக்கை நம்பும் கண்ணாடி ஈரத்தில் தடுமாறும், தடித்த கையுறையை அறியாது. அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் 1971இல் தொடங்கிய எலோகிராஃபிக்ஸ் வளர்த்த வகை வேறு. இரண்டு தகடுகள் அழுத்தத்தில் ஒன்றை ஒன்று தொடும், எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டியின் காற்றாடிக்கோ டிரையருக்கோ பலகை வைப்பதென்றால் இந்த வகையைத்தான் நான் கேட்பேன்.

பெயர் எழுதும் வேலை எல்லாவற்றிலும் பெரியது. விடுதிக்கு வருபவர் இரண்டு இரவு தங்குவார். பலகையைத் தினமும் தொடுபவர் பங்களா அப்பு, ஸ்டோரில் தொடுபவர் டிரையரைப் பார்க்கும் தொழிலாளி. செர்னில் பொத்தானின் பெயரை மாற்றக்கூடியதாக ஆக்கியதே அதைத் தொடுபவருக்கு உதவத்தான். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்தால் அந்த வசதியைப் பாதி வீணாக்குகிறோம். தமிழும் சிங்களமும் சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. சில பலகைகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி விழும். அப்படியானால் ‘விறாந்தை’ என்ற சொல்லைப் படமாகச் செய்து பொத்தானில் வைத்தால் போதும். பலகையை ஒப்படைக்கும் நாளில் முதலாளியை அல்ல, அப்புவைக் கூப்பிட்டு, அவரையே ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் தேடித் தடுமாறும் பொத்தானை அன்றே முதல் பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.