கிரெனோபிள்: நீருக்கு அஞ்சி, நீரால் வளர்ந்த நகரம்

பிரான்சின் தென்கிழக்கில், ஈசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்திருக்கிறது கிரெனோபிள். வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன் என ஆல்ப்ஸின் மூன்று மலைத்தொடர்கள் சூழ்ந்து நிற்க, நகரம் மட்டும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 210 மீட்டர் உயரத்தில், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சமவெளியில் பரந்திருக்கிறது. மலைப் பாதைகள் சந்திக்கும் இடம் என்பதால் வணிகமும் படைகளும் இவ்வழியே வந்தன. ஆனால் ஆறுகள் பெருகினால் ஊர் தப்புவது கடினம்.

இங்கே முதலில் குடியிருந்தவர்கள் அல்லோப்ரோகர் என்ற ‘கால்’ (Gaul) இனத்தவர். அவர்களது ஊரான குலாரோவின் பெயர், கி.மு. 43இல் ரோமானியத் தளபதி பிளாங்கஸ் சிசரோவுக்கு எழுதிய கடிதத்தில்தான் முதன்முதலாக வருகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினர். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கிரேஷியனின் பெயரால் இது கிரேஷியனோபோலிஸ் ஆயிற்று. இன்றைய பெயர் அதிலிருந்து மருவியதே.

இடைக்காலத்தில் அல்போன் பிரபுக்கள் இப்பகுதியை ஆண்டனர். ‘தொஃபேன்’ என்பது அவர்களது பட்டம். அவர்களது நாடு தொஃபினே எனப்பட்டது. 1084இல் ஆயர் யூகின் ஆதரவோடு துறவி புரூனோ அருகிலுள்ள மலையில் ஷார்த்ரூஸ் மடத்தை நிறுவினார். 1219 செப்டம்பரில் பேரழிவு நேர்ந்தது. ரோமான்ஷ் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஆற்றை மறித்ததால் ஓர் ஏரி உருவாகியிருந்தது. அந்த இயற்கை அணை உடைந்து வெள்ளம் நகருக்குள் புகுந்து, பாலத்தைப் பெயர்த்துப் பலரை அடித்துச் சென்றது.

கடைசித் தொஃபேனான இரண்டாம் உம்பேர் 1339இல் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். வாரிசும் இன்றிக் கடனிலும் மூழ்கிய அவர் 1349இல் தன் நாட்டைப் பிரான்சு அரச குடும்பத்துக்குக் கைமாற்றினார். அதன்பின் தொஃபேன் என்பது பிரெஞ்சு முடிக்குரிய இளவரசரின் பட்டமாயிற்று. 1453இல் மாகாணத்தின் உயர் நீதிமன்றமான பார்லமாவும் இங்கு நிறுவப்பட்டதால், வழக்கறிஞரும் நீதிபதிகளும் நகரின் செல்வாக்குள்ள வகுப்பினர் ஆயினர். சமயப் போர்களின்போது 1590இல் நகரைக் கைப்பற்றிய புராட்டஸ்டண்ட் தளபதி லெதிகியேர், மதிலை விரிவாக்கி பஸ்தீய் குன்றில் கோட்டை கட்டினார்.

ஊரின் செல்வம் கையுறைத் தொழிலிலிருந்து வந்தது. ஆட்டுக்குட்டித் தோலைப் பதப்படுத்துவோரும் வெட்டுவோரும் நகரில் இருந்தனர். தையல் வேலையைச் சுற்றுக் கிராமப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேவியர் ஜூவேன் கைகளை அளந்து வகைப்படுத்தி, அளவுக்கேற்பத் தோலை வெட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கிரெனோபிள் கையுறை இங்கிலாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளுக்குச் சென்றது.

பிரெஞ்சுப் புரட்சியின் முன்னோட்டமும் இங்கேதான். 1788இல் பதினாறாம் லூயி பார்லமாக்களின் அதிகாரத்தைக் குறைத்து, எதிர்த்த நீதிபதிகளை ஊரைவிட்டு வெளியேற ஆணையிட்டார். அவர்களை நம்பிப் பிழைத்த நகரம் கொதித்தெழுந்தது. ஜூன் 7 அன்று மக்கள் கூரைகளில் ஏறிப் படைவீரர் மீது ஓடுகளை வீசினர். ‘ஓடுகளின் நாள்’ எனப்படும் அந்நிகழ்வை அடுத்து, ஜூலை 21 அன்று அருகிலுள்ள விசீயில் கூடிய மாகாணச் சபை, மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய தேசியப் பேரவையைக் கூட்டுமாறு கோரியது. 1815 மார்ச் 7 அன்று, எல்பாவிலிருந்து திரும்பிய நெப்போலியனுக்கு இந்நகரம் வாயில்களைத் திறந்துவிட்டது. நாவலாசிரியர் ஸ்தாந்தால் பிறந்ததும், எகிப்திய எழுத்துகளைப் படித்தறிந்த ஷாம்போலியோன் கற்பித்ததும் இங்கேதான்.

1859இல் ஈசேர் மீண்டும் பெருகி நகரை மூழ்கடித்தது. ஆனால் பத்தே ஆண்டுகளில் அதே மலைநீர் செல்வமாகத் தொடங்கியது. 1869இல் அரிஸ்தீத் பெர்ஜெஸ் அருகிலுள்ள லான்சேயில் மலையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயர அருவிநீரைக் குழாயில் இறக்கி, காகிதக் கூழ் ஆலையின் பொறிகளை இயக்கினார். பின்னர் அந்த ஆற்றல் மின்சாரமாக்கப்பட்டது. ‘வெள்ளை நிலக்கரி’ என அவர் பரப்பிய இத்தொழில்நுட்பம் விசையாழி, மின்கருவித் தொழிற்சாலைகளை இங்கே வளர்த்தது. 1925இல் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கும் இதுவே கருப்பொருள்.

இரண்டாம் உலகப் போரில் நகரம் முதலில் இத்தாலியரிடமும், 1943 செப்டம்பருக்குப் பின் ஜெர்மானியரிடமும் சிக்கியது. 1943 நவம்பர் 11 அன்று தடையை மீறி ஊர்வலம் சென்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் கைதாகி நாடு கடத்தப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. எதிர்ப்புப் போராளிகள் பணியவில்லை. 1944 ஆகஸ்ட் 22 அன்று நகரம் விடுதலை பெற்றது.

போர்க்காலத்தில் இங்கு வந்து சேர்ந்த இயற்பியலாளர் லூயி நீல், 1956இல் தொடங்கிய அணு ஆய்வு மையம் உட்பட அறிவியல் நிறுவனங்களைக் கட்டியெழுப்பினார். காந்தவியல் ஆய்வுக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார். 1968இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிச் சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. 1994இல் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி செயல்படத் தொடங்கியது.

2022ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் பசுமைத் தலைநகராகக் கிரெனோபிள் தேர்ந்தெடுக்கப்பட்டது. படையெடுப்பைவிட வெள்ளத்துக்கே அதிகம் அஞ்சிய இந்நகரம், தன்னை அச்சுறுத்திய நீரையே தொழிலாகவும் அறிவாகவும் மாற்றிக்கொண்டது. அதன் வரலாற்றில் மிகப் பெரிய சாதனை அதுவே.