நாடாப்புழு நோயறிதல் (நாய், பூனை, நரி)

விலங்குகளின் சிறுகுடலில் ஒட்டி வாழும் நாடாப்புழுக்களைக் கண்டறிதல். தெள்ளுப்பூச்சி வழியே பரவும் டிப்பிலிடியம் கேனைனத்தைக் கண்ணாலேயே காணலாம்: மலத்திலும் ஆசனவாய் முடியிலும் வெள்ளரி விதைபோல நெளியும் துண்டுகள், காய்ந்தால் அரிசிமணி.

சிக்கல் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவில்தான். இறைச்சிக்கூடக் கழிவில் நீர்க்கட்டி படிந்த ஈரலைத் தின்னும் தெருநாய்க்குத் தொற்றும் இப்புழு சில மில்லிமீட்டர் நீளமே. அதன் முட்டையை மற்றொரு நாடாப்புழுவான டீனியாவின் முட்டையிலிருந்து நுண்ணோக்கியில் பிரித்தறிய இயலாது. முன்பெல்லாம் அரிகோலின் கொடுத்து (நம் வெற்றிலைத் தட்டுப் பாக்கின் சத்துதான்) நாய்க்குப் பேதியாக வைத்துப் புழுவைத் தேடினர். நாய்க்கும் ஆளுக்கும் ஆபத்தான வேலை. இன்று மலத்தில் புழுவின் ஆன்டிஜெனைத் தேடும் எலைசாவும், அதன் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆரும் உண்டு. எக்கினோகாக்கஸ் தொற்றும் ஐரோப்பியச் செந்நரிகளில், இறந்தபின் குடலை அலசிப் படிவில் புழுக்களை எண்ணுவதே உரைகல். முட்டை மனிதருக்கும் தொற்றுமென்பதால் குடலை முதலில் −80 டிகிரி செல்சியஸில் சில நாள் உறையவைப்பர்.