மலரும் மரமும்: நம் கிறிஸ்துமஸ் இல்ல அலங்காரம்

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர்த் தெருக்களில் விடியுமுன்னே வாசல்தோறும் கோலங்கள் எழுகின்றன. அதே நாட்களில் தியாகராய நகர்க் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள நம் சபையார் இல்லங்களில் சவுக்குக் கிளையை நிறுத்தி, வாசலில் நட்சத்திரக் கோலமிட்டு, மலர்ச்சரம் கட்டுகின்றனர். கண்ணுக்குப் பழகிய இவ்வலங்காரத்தின் பின்னே நம் திருச்சபையைப் பிளந்த ஒரு விவாதம் உண்டென்பதை நாம் மறந்துவிடலாகாது.

மரம் நமக்கு அந்நியமானது. ஜெர்மானிய லுத்தரன் இல்லங்களில் வளர்ந்த இவ்வழக்கம், விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் லண்டன் வார இதழ் ஒன்றில் வெளிவந்தபின் ஆங்கிலேயரிடையே விரைந்து பரவிற்று. இங்கே ஊசியிலை மரத்தின் இடத்தைச் சவுக்கு பிடித்துக்கொண்டது. அதுவும் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நம் கடற்கரையோரங்களில் பரவலாகப் பயிரிடப்பட்ட மரமே.

மலரோ நம் மண்ணுக்குரியது. ஆயினும் தடை வந்தது மலருக்கே. 1820களில் தஞ்சையில் பணிசெய்த புதிய மிஷனெரிமார் திருநாட்களிலும் திருமணங்களிலும் மலர்களை விலக்கினர். ஆராதனையில் தமிழிசையையும் தடுத்தனர். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இவற்றைக் கொடுமைகள் என்று கண்டித்து எழுதினார். அவர் வாதத்தின் நியாயத்தை இன்று நம் கீர்த்தனைகளும் மலர்களும் மெய்ப்பிக்கின்றன.

எனினும் வரலாற்றை முழுமையாகச் சொல்வதே நேர்மை. நற்கருணையில் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்றதையும் சாஸ்திரியார் அக்கொடுமைகளுள் ஒன்றாகவே எண்ணினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமைகள் சபையிலிருந்து முற்றிலும் அகலவேண்டுமென நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். முன்னோர் வழக்கம் என்ற ஒரே பெயரால் மலரும் காக்கப்பட்டது, சாதியும் காக்கப்பட்டது. விலக்கியவர்களோ இரண்டையும் ஒருங்கே விலக்க முற்பட்டனர். இரு சாராரும் பிரித்தறியத் தவறினர் என்பதே நம் கருத்து.

அவ்வாறாயின் எதைக்கொண்டு பிரித்தறிவது? ஒரு வழக்கம் எந்நாட்டிலிருந்து வந்தது என்பது போதிய அளவுகோலன்று. அந்நிய மரத்தை ஏற்ற நாம் சொந்த மலரை விலக்கியிருப்போமாயின் அது பேதைமையாகும். அவ்வழக்கம் அயலானை உள்ளே அழைக்கிறதா, வெளியே நிறுத்துகிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. வாசற்கோலம் வருவோர் அனைவரையும் வரவேற்கிறது. சாதியோ அதே வாசலில் மனிதனைத் தடுத்து நிறுத்துகிறது. சத்திரத்தில் இடமின்றிப் பிறந்த ஆண்டவரின் பண்டிகைக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகவே, திருவருகைக் காலத்தில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர்கள் வாசலில் தொங்கும் நட்சத்திரத்தைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அந்நட்சத்திரத்தின் கீழ் யார் யார் உள்ளே வந்து ஒன்றாய் அமர்ந்து உண்கிறார்கள் என்பதையும் கண்டறிவார்களாக. அலங்காரத்தின் நிறைவு அங்கேதான் இருக்கிறது.